நெல்லுக்கு நடுவே நான்கு நிமிடம்

1. அழைப்பு

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தீயணைப்பு நிலைய வாட்ச் ரூம் போன் அடித்தது. நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பேசியது ஒரு பெண். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

“சார், புதுக்கரை கீழத்தெருவுல வீடு எரியுது சார். உள்ள படுத்த படுக்கையா ஒரு ஆளு கெடக்காரு. தூக்குறதுக்குத் தெருவுல ஒருத்தரும் இல்ல. சீக்கிரம் வாங்க சார்.”

மேற்கொண்டு கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தோம், எடுக்கவில்லை. மணியை அடித்து, நாற்பது நொடியில் வண்டி கேட்டைத் தாண்டியது. அந்த நாற்பது நொடியைப் பற்றி எனக்கு அப்போது ரொம்பப் பெருமை. மாவட்டத்தில் எங்களைவிட வேகமாகக் கிளம்புகிறவன் எவன் என்று கேட்டுக்கொண்டு திரிந்த காலம்.

தீயணைப்புத் துறையில் பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டு, நிலைய அலுவலராகப் பொறுப்பேற்று மூன்றாவது வாரம் அது. தஞ்சாவூருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் இடையில் ஓர் ஆற்றங்கரை ஊர். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அங்கே இப்போது வேறு ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், அவர்களை எதற்கு இதில் இழுப்பது?

வண்டியில் ஆறு பேர். என் பக்கத்தில் டிரைவர் முருகையன். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். துறைக்கு வருவதற்கு முன்னால் நெல் லாரி ஓட்டியவர். பின்னால் முன்னணித் தீயணைப்பாளர் அந்தோணிராஜும் மூன்று வீரர்களும். தொட்டியில் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர்.

போகிற வழியில் என்ன யோசிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். கண்ணில் படுவதைப் பார், அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள், அடுத்த இரண்டு நிமிடத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போடு, அப்புறம் ஆர்டர் கொடு. நானே கரும்பலகையில் இதை எழுதிப்போட்டு வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்றைக்கும் யோசித்தேன். கூரை வீடாகத்தான் இருக்கும். காற்று கிழக்கே இருந்து அடிக்கிறது. சிலிண்டர் இருக்கும். பக்கத்து வீட்டுக் கூரை எத்தனை அடி தள்ளி இருக்கும்? இப்படி எல்லாம் யோசித்தவன், தெருவில் ஒருத்தரும் இல்லை என்று அந்தப் பெண் சொன்னதை மட்டும் யோசிக்கவில்லை. பதற்றத்தில் யாரும் சொல்கிற பேச்சு என்று விட்டுவிட்டேன். பட்டப்பகலில் ஒரு தெருவில் ஆளே இல்லை என்றால் அத்தனை பேரும் எங்கே போயிருப்பார்கள் என்று ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

2. ஏத்துய்யா

அது குறுவை அறுவடை சமயம். புரட்டாசி கடைசி. இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறுவடை மிஷின் அறுத்துக் கொட்டுகிற நெல் இருபதுக்கு மேல் ஈரத்தோடு இருக்கும். காயவைக்கக் களம் போதாது. அதனால் தார் ரோடுதான் களம். ரோட்டில் பாதியை நெல்லுக்கு விட்டு, பாதியில் வண்டிகள் போகும். அதில் யாருக்கும் சண்டை இல்லை. நாங்களும் அந்தப் பாதியில்தான் எத்தனையோ தடவை போயிருக்கிறோம்.

அன்றைக்கு வாய்க்கால் கரை ரோட்டில் ஏழு நிமிடம் போனதும் வண்டி நின்றது. முன்னால் ரோடே இல்லை. நெல்தான் இருந்தது.

கிழக்கே மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. மழைக்குள் மூடிவிட வேண்டும் என்று இருபது இருபத்தைந்து பேர் நெல்லைப் பலகையால் தள்ளி, நடு ரோட்டில் குவித்துக்கொண்டிருந்தார்கள். நடு ரோடு மேடாக இருக்கும், அடியில் தண்ணீர் தங்காது. அதனால் எப்போதும் அப்படித்தான் குவிப்பார்கள். ஐம்பது அறுபது அடி நீளத்துக்கு முழங்கால் உயரம். இரண்டு ஓரத்திலும் இன்னும் வாராத நெல் பரவிக்கிடந்தது. இடது பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர். வலது பக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே வயல். சுற்றிப்போவது என்றால் மதகு வரைக்கும் பின்னாலேயே போய், மெயின் ரோட்டைப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல்.

ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். “ஒதுக்குங்கய்யா! வழி விடுங்க!”

“அஞ்சு நிமிசம் சார். மழை வருது, மூடிட்டு ஒதுக்கிவிட்டுடுறோம்” என்றார் ஒருவர். பலகை நிற்கவில்லை.

ஒரு பெண் விளக்குமாற்றைப் பிடித்தபடி வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார். அவர் பெயர் தனலெட்சுமி என்று பிறகுதான் தெரியும்.

“எங்க சார் தீ?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? நகரு, நகரு.”

நான் திமிரில் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்சம் திமிரும் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் வேலையில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. வீரராக இருந்தபோது ஒரு முறை கும்பகோணம் பக்கம் வைக்கோல் போர் தீக்குப் போனோம். வழியில் டீக்கடையில் இடம் விசாரித்தோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எங்களுக்கு முன்னால் நாற்பது மோட்டார் சைக்கிள் நின்றது. ஹோஸ் விரிக்க இடமில்லை. அன்றைய அதிகாரி என்னைப் பிடித்துக் காய்ச்சிவிட்டார். “வழியில வாயத் தெறக்காத. தீ எங்கன்னு சொன்னா திருவிழா ஆக்கிடுவானுங்க” என்றார். அதிலிருந்து எங்கே போனாலும் சைரன் அடிப்போம், ஒதுங்கச் சொல்வோம், இடத்தைச் சொல்ல மாட்டோம். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருந்தது.

முருகையன் பக்கம் திரும்பினேன். “ஏத்துய்யா.”

“சார், வேணாம் சார்.”

“என்னய்யா வேணாம்?”

“நெல்லு சார்.”

அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே சிந்திய நெல்லைத் தெரியாமல் மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம், இருந்தாலும் நெல் விஷயத்தில் எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். முருகையனும் அந்தப் பயத்தில்தான் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“உள்ள மனுசன் கெடக்கான்யா. இங்க உக்காந்து சாமி கும்பிடுறியா?”

“அதுக்கில்ல சார். காஞ்ச நெல்லு மேல டயர் நிக்காது. நாலரை டன் தண்ணியோட ஏறுனா வண்டி வழுக்கிக்கிட்டு நேரா வாய்க்காலுக்குள்ளதான் போவும். நான் லாரியில பாத்துருக்கேன்.”

முருகையன் இதைத் தெளிவாக, குரல் உயர்த்தாமல் சொன்னார். நான் முதல் வார்த்தைக்கு மேல் காதில் வாங்கவே இல்லை. அவர் மறுக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு கீழே குதித்தேன்.

குதித்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்தது, பூட்ஸ் காலால் நெல் குவியலை உதைத்து ஒதுக்க ஆரம்பித்ததுதான். இரண்டு உதை. மூன்றாவது உதைக்குள் பலகைகள் நின்றுவிட்டன.

“யோவ்! பூட்ஸ் காலோட மிதிக்கிறியே, நீ சோறு திங்கிறதில்ல?” என்று ஒரு பெரியவர் கத்தினார்.

அதுவரைக்கும் எங்களைக் கண்டுகொள்ளாமல் வேலை பார்த்தவர்கள் இப்போது வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஐந்தாறு பேர் கையில் பலகையோடு. நானும் கத்தினேன், அவர்களும் கத்தினார்கள். கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவேன் என்றேன். போட்டுக்கோ என்றார்கள். தனலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மறுபடி வந்தார். “சார், தீ எங்கன்னுதான் கேக்குறேன்” என்றார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

தூரத்தில் மூங்கில் தோப்புக்கு மேலே புகை தெரிந்தது. அறுவடை முடிந்த வயலில் நெல்தாள் கொளுத்துகிற காலம். புகையைப் பார்த்து யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

3. கீழத்தெரு

முருகையன் எஞ்சினை அணைத்தார். சைரனும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, அவ்வளவு சத்தம் அவருக்கு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, ஒரே கத்தாகக் கத்தினார்.

“புதுக்கரை கீழத்தெருங்க! வீடு எரியுது. உள்ள நடக்கமுடியாத ஆளு ஒருத்தரு மாட்டிக்கிட்டாரு!”

தனலெட்சுமி கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது.

“ஐயோ, எங்க தெரு! எங்க வீட்டுக்காரருதான்!”

ரோட்டில் நின்ற இருபத்தைந்து பேரும் புதுக்கரை கீழத்தெருக்காரர்கள். மழைக்கு முன் நெல்லை வார வேண்டும் என்று வீட்டுக்கு வீடு பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். போன்கள் எல்லாம் பையோடு மரத்தடியில் கிடந்தன. தெருவிலிருந்து யாரோ விடாமல் அடித்திருக்கிறார்கள், சைரனிலும் சண்டையிலும் யாருக்குக் கேட்கும்?

அடுத்து நடந்ததை என் வேலைக்காலத்தில் வேறு எங்கும் பார்த்ததில்லை. பலகை வைத்திருந்தவர்கள் பலகையால் தள்ளினார்கள். இல்லாதவர்கள் சாக்கை விரித்து இழுத்தார்கள். தனலெட்சுமி மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரி வாரி வாய்க்காலில் தள்ளினார். அது அவருடைய நெல். என்னைத் திட்டிய பெரியவர் முழங்கால் வரை நெல்லுக்குள் இறங்கிக் காலாலேயே ஒதுக்கினார். யாரும் எதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றவில்லை. நெல் சரசரவென்று தண்ணீரில் விழுந்து போயிற்று. பின்னாலேயே விளக்குமாறு போட்டுத் தாரைச் சுத்தமாகப் பெருக்கியும் விட்டார்கள், டயர் வழுக்கக்கூடாது என்று. அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முருகையன் எஞ்சினைப் போட்டார். தனலெட்சுமியை நான்தான் கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றினேன். வெளியாளை வண்டியில் ஏற்றக்கூடாது என்பது விதி. அந்த விதியை மட்டும் அன்றைக்கு நல்லவேளையாக மறந்துபோனேன்.

4. கட்டில் எங்கே

அங்கிருந்து புதுக்கரை ஒன்றரை கிலோமீட்டர். அந்த ஒன்றரை கிலோமீட்டரில்தான் நான் முதல் முறையாக ஒரு அதிகாரி கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். தனலெட்சுமி அழவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

கணவர் பெயர் கலியமூர்த்தி. தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் மூன்று வருடமாகப் படுக்கை.

“சிலிண்டர் எங்கம்மா?”

“முன்வீட்டுல, வாசல் ஓரமா.”

“அவரு எங்க படுத்திருக்காரு? முன்வீட்லயா?”

“இல்ல சார். முன்வீடு ஒழுவுதுன்னு நேத்துதான் கட்டில பின்னாடி சாய்ப்புக்கு மாத்துனோம். பக்கத்துல யாருக்கும் தெரியாது.”

போய்ச் சேர்ந்தபோது முன்வீட்டுக் கூரை முழுக்கப் பிடித்திருந்தது. தெருவில் நான்கைந்து வயதானவர்களும், போன் செய்த பெண்ணும். வாசலைக் காட்டிக் காட்டி, “உள்ள சார், இங்கதான் சார், உள்ள” என்று கதறினார்கள். தனலெட்சுமி பக்கத்தில் இல்லையென்றால் நான் அந்தோணிராஜை அந்த வாசலுக்குள்தான் அனுப்பியிருப்பேன். அங்கே சிலிண்டர் இருந்தது, ஆள் இல்லை.

முன்வீட்டுச் சிலிண்டர் மேல் ஒரு லைன் தண்ணீரைத் திருப்பிவிட்டு, நாங்கள் பின்பக்கம் ஓடினோம். சாய்ப்புக்குச் சுவர் கிடையாது, கீற்றுத் தட்டிதான். அந்தோணிராஜ் கோடாலியால் நாலு வெட்டு வெட்டித் தட்டியைப் பிடுங்கி எறிந்தார். உள்ளே புகை. கட்டில் இருந்தது. முன்வீட்டுக் கூரையிலிருந்து எரிந்து விழுந்த கீற்று கட்டிலின் கால்மாட்டில் கிடந்து எரிந்துகொண்டிருந்தது. கலியமூர்த்தி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். துண்டை நனைத்து மூக்கில் கட்டியிருந்தார். தலைமாட்டிலிருந்த சொம்புத் தண்ணீரில் அவரே செய்துகொண்டது. கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தோம்.

அவருக்கு இரண்டு பாதமும் வெந்திருந்தன. இடது பாதம் மோசம். அவர் அதைப் பார்க்கவும் இல்லை, அவருக்குத் தெரியவும் இல்லை. உணர்ச்சி இல்லாத கால். மனைவியைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்.

“மழை வருதே, நெல்ல மூடிட்டியா?”

“மூடியாச்சு, மூடியாச்சு. பேசாம இருங்க” என்றார் தனலெட்சுமி.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத் தீயை அணைத்து முடித்தோம். இரண்டாவது வீட்டுக்குப் பரவவில்லை. காரணம் தெரியாத இடத்தில் எழுதுகிற மாதிரி, மின்கசிவு என்று எழுதிக்கொண்டோம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் கலியமூர்த்தியின் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

5. அறிக்கை

முருகையன் வண்டி லாக் புத்தகத்தில் நேரத்தை நிமிட சுத்தமாக எழுதுகிறவர். நின்றது 2.18. கிளம்பியது 2.22. நான்கு நிமிடம். கட்டில் கால்மாட்டில் கீற்று விழுந்தது நாங்கள் போவதற்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு முன்னால்தான் என்று, எரிந்த அளவைப் பார்த்து அந்தோணிராஜ் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. மற்றவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

தீ அறிக்கையில் தாமதத்துக்கு ஒரு பத்தி உண்டு. நான் இப்படி எழுதினேன்: ‘பொதுமக்கள் சாலை முழுவதும் நெல்லைக் குவித்திருந்ததாலும், ஊர்தியை மறித்து வாக்குவாதத்தில் ஈடுபட்டதாலும் நான்கு நிமிடத் தாமதம் ஏற்பட்டது.’

முருகையனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பொய் ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நடந்ததுதான்.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன்.

மேலே போன காகிதம் அங்கேயே தூங்கியிருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்கவே மாட்டேன். அது எங்கெங்கோ சுற்றி, போலீஸுக்குப் போய், ஒரு மாதம் கழித்து ஆறு பேருக்குச் சம்மனாக வந்திறங்கியது. பொதுவழியை மறித்தது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது என்று இரண்டு குற்றச்சாட்டு.

ஒரு காலையில் தனலெட்சுமி நிலையத்துக்கு வந்தார். சேலைத் தலைப்பில் சுருட்டி வைத்திருந்த காகிதத்தை என் மேஜையில் விரித்து வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இதுல மூணாவதா என் பேரு இருக்கு சார்.”

“பாத்தேம்மா.”

“எங்க வீட்டுக்காரரக் காப்பாத்த வந்த வண்டிய நானே மறிச்சேன்னு எழுதியிருக்கு. நான் மறிச்சேனா சார்?”

நான் ஏதோ சொல்லப்போனேன். கோர்ட்டில் தள்ளுபடி ஆகிவிடும், பயப்படாதே என்கிற மாதிரி.

“கோர்ட்டுக்கு நான் பயப்படல சார். வாசல்ல வந்து சத்தமாப் படிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. அவரும் கேட்டாரு. அன்னையிலேருந்து எங்கிட்டப் பேச்சு இல்ல. நான் ஊட்டுனா வாயத் தெறக்க மாட்டேங்குறாரு. பக்கத்து வீட்டு ஆயாதான் ஊட்டுது.” விரித்த காகிதத்தை என் பக்கம் தள்ளினார். “எங்க தீன்னு உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன் சார். ஒரு வார்த்த சொல்லியிருந்தா முதல்லயே தள்ளிவிட்டிருப்பேனே.”

வாட்ச் ரூமில் எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். தாமதமாக வந்தாய் என்று சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கு வெட்கம் வந்தது. எழுந்து நின்றேன்.

“நீ மறிக்கலம்மா. நான்தான் சொல்லல.”

“இத அவருகிட்ட வந்து சொல்லுங்க சார். அதுக்குத்தான் வந்தேன்.”

அன்று மதியமே துணை அறிக்கை எழுதினேன். தீ நடந்த இடத்தைப் பொதுமக்கள் கேட்டும் நிலைய அலுவலர் தெரிவிக்கவில்லை. தெரிவித்ததும் ஒரு நிமிடத்துக்குள் தங்கள் நெல்லை வாய்க்காலில் தள்ளி அவர்களே வழி ஏற்படுத்தினார்கள். டிரைவர் கூறிய பாதுகாப்புக் காரணத்தை அலுவலர் கேட்கவில்லை. முருகையன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். டீ வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார், எனக்கும் சேர்த்து. பிறகு எனக்கு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. ஆறு பேர் மீதும் நடவடிக்கை கைவிடப்பட்டது. இதெல்லாம் ஆபீஸ் விவகாரம்.

மறுநாள் காலை புதுக்கரைக்குப் போனேன். தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். கலியமூர்த்தி அதே மாதிரி ஒரு கட்டிலில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

“வாங்க சார், வாங்க. நீங்க மட்டும் வரலன்னா நான் போயிருப்பேன். பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்து என்ன சார்? நெல்லுதான் பெருசுன்னு வண்டிய நிறுத்திப்புட்டா.”

தனலெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், வெளியே வரவில்லை. அந்தக் கும்பிடு என் மேல் விழுந்த மாதிரி வேறு எந்த அடியும் விழுந்ததில்லை. கட்டில் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நான் உதைத்ததை, தனலெட்சுமி கேட்டதை, நான் திரும்பாததை, மண்டியிட்டு நெல்லை அவர் வாரித் தள்ளியதை. கட்டில் எங்கே என்று சரியாகச் சொன்னது அவர்தான் என்பதையும் சொன்னேன்.

கலியமூர்த்தி தலையைத் திருப்பி அடுப்படியைப் பார்த்தார்.

“நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா? அரசாங்கப் பேப்பருல்ல?”

கலியமூர்த்தி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கையை எடுக்காமலேயே, “பசிக்குது” என்றார். தனலெட்சுமி சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் வண்டியில் போனேன். வழியில் வண்டி நின்றால் முதலில் சைரனை அணைக்கச் சொல்வேன். போகிற ஊரையும் தெருவையும் சத்தமாகச் சொல்வேன். அப்புறம் டிரைவர் பேசுவதை முழுசாகக் கேட்பேன். அதற்கெல்லாம் சேர்த்துப் பத்து நொடிதான் ஆகும். பல இடங்களில் கூட்டம் பின்னாலேயே வந்து தொல்லை கொடுத்ததும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கயிறு கட்டி ஒதுக்கிவைத்து வேலை பார்த்தோம்.